ஒலி கேட்டுப் பழுதறிதல்

காவிரியும் அதன் கிளைகளும் பாயும் தஞ்சை நாட்டுச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்து ஆறுகளைக் கடக்கின்றது. அச்சாலையில் ஏற்றம் என்று ஒன்று உண்டெனில், அது பாலத்தின் முகப்பில் உள்ள சரிவேயாகும். உர மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் செல்லும் உழவர், சமநிலத்தில் கேளாத ஓர் ஒலியை அச்சரிவில் ஏறும்பொழுது கேட்பதுண்டு. பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் அவ்வொலி மறைந்துவிடும். மறைந்ததை எண்ணி மகிழ்ந்து அதனை மறந்துவிடுவோரும் உளர். அடுத்த பாலத்தில் அது மீண்டும் எழும்.

ஓடுகின்ற எஞ்சினின் உள்ளே நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. இரும்புச் சுவர் அதனை மறைத்து நிற்கின்றது. பிரித்துப் பார்க்கலாமே எனின், பிரித்த எஞ்சின் ஓடாது. ஓடாத எஞ்சினில் ஒலியும் இல்லை. ஆகவே, எஞ்சின் ஓடும்பொழுதே அதன் உள்நிலையை அறிவதற்குரிய வழிகளுள் தலையாயது செவியேயாகும். ஆயினும் செவி மட்டும் போதாது. ஒலி எப்பொழுது எழுகின்றது, எவ்விடத்தில் எழுகின்றது, எந்தத் தாளத்தில் எழுகின்றது என்று அடுத்தடுத்து வினவிக் காரணத்தை நெருங்கும் அறிவும் வேண்டும். இவ்விரண்டும் உடைய தொழிலாளி ஒரு நட்டைக் கழற்றுமுன்பே பழுது இன்னதென்று பெரும்பாலும் கூறிவிடுவார்.

ஒலியால் பொருளின் நிலையை அறிவது தஞ்சை நாட்டாருக்குப் புதிதன்று. பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்த்தே விரிசலை அறிவர். மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்போர் அதன் விளிம்பைச் சுற்றிலும் தட்டி, எப்பக்கம் குரல் தாழ்ந்துள்ளது என்று உணர்ந்து, அப்பக்கத்தை இறுக்குவர். வயலோரத்தில் ஓடும் ஆயில் எஞ்சினின் ஓசை சற்றே மாறினாலும், தொலைவில் வரப்பின்மேல் நிற்கும் உழவர் திரும்பிப் பார்ப்பார். இரயில் நிலையங்களில் நீண்ட பிடியுடைய சுத்தியால் வண்டிச் சக்கரங்களைத் தட்டிச் செல்லும் தொழிலாளர் முன்னாளில் இருந்தனர். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடித்த சக்கரம் மழுங்கி ஒலிக்கும்.

மருத்துவத் துறையில் இம்முறை 1816ஆம் ஆண்டில் ஒரு புதிய கருவியைப் பெற்றது. பாரிஸ் நகரத்து மருத்துவரான லேனெக் என்பவர், ஒரு நோயாளியின் இதய ஒலியைக் கேட்பதற்காகத் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அந்நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். ஒலி தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தாலும் அத்தகைய குழலை அவர் செய்துகொண்டார். மருத்துவர்கள் கழுத்தில் அணியும் ஸ்டெதஸ்கோப்பு அதன் வழிவந்ததே. மோட்டார் பட்டறையில் அவ்விடத்தை வகிப்பது நீண்ட திருப்புளி ஆகும். அதன் முனையை எஞ்சினின் ஒரு பகுதியில் ஊன்றி, பிடியைச் செவிக்குமுன் உள்ள எலும்போடு சேர்த்து வைத்தால், அப்பகுதியின் அதிர்வு இரும்பின் வழியே நேராக வந்து சேரும். பிற ஒலிகள் பின்னடைந்துவிடும். ஊன்றும் இடத்தை மாற்றிக்கொண்டே சென்றால், ஒலி எங்கே உரத்துக் கேட்கின்றதோ அங்கே பழுது அணித்தாக உள்ளது என்று கொள்ளலாம். ஓடும் செயினையும் கொதிக்கும் புகைக்குழாயையும் விட்டு விலகியே இதனைச் செய்தல் வேண்டும். தொங்கும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கே கேடு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை.

புல்லட் என்னும் வண்டி இங்கிலாந்து நாட்டில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது. அங்கிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகள் அங்கே பூட்டப்பெற்றன. சில ஆண்டுகளில் உறுப்புகள் யாவும் இந்நாட்டிலேயே செய்யப்பெற்றன. 1970ஆம் ஆண்டளவில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் பழைய அமைப்பு அதிக மாற்றமின்றித் தொடர்ந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டருடைய அந்த எஞ்சின் 2010ஆம் ஆண்டையொட்டியே கைவிடப்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே அமைப்பு நீடித்தமையால், தந்தை கற்ற பழுது பார்க்கும் முறை மகனுக்கும் பயன்பட்டது.

பழுதின் ஒலியை அறிய விரும்புவோர் முதலில் நலமான எஞ்சினின் ஒலியை அறிந்திருத்தல் வேண்டும். 350 என்று வழங்கும் புல்லட்டில் ஒரே ஒரு சிலிண்டர் உண்டு. அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுத்தல், அதனை அழுத்துதல், எரிந்து விரிதல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்கள் முடிவதற்குள் கிராங்குத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகின்றது. எனவே, இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் நிகழும். நிற்கும் வண்டியில் எஞ்சின் நிமிடத்திற்கு 900 சுற்றுச் சுற்றுகின்றது என்று கொண்டால், வினாடிக்கு 15 சுற்று ஆகும். எரிதல் ஏழு அல்லது எட்டு முறை நிகழும். புல்லட்டின் பெயர்பெற்ற ‘டப் டப்’ என்னும் ஒலி இதுவே. பல சிலிண்டர்கள் உள்ள காரில் இவ்வொலிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே முழக்கமாகிவிடும். ஒற்றைச் சிலிண்டரில் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும். ஒலியால் பழுதறியும் கலையைப் பயில்வதற்கு இதனினும் நல்ல ஆசிரியர் இல்லை எனலாம்.

இந்தத் தாளக் கணக்கு மிகவும் பயனுடையது. காற்றையும் புகையையும் விடும் இரண்டு வால்வுகளும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே திறந்து மூடுகின்றன. ஆகவே, வால்வைச் சார்ந்த ஒலி, ‘டப் டப்’ என்னும் எரிதல் ஒலியோடு ஒத்த வேகத்தில் நிதானமாகக் கேட்கும். கிராங்குத் தண்டின் தாங்கிகளைச் சார்ந்த ஒலியோ அதைவிட விரைவாக, சுற்றுதோறும் எழலாம். எஞ்சின் வேகத்தைச் சாராமல் சக்கரம் உருளும் வேகத்தையே சார்ந்து ஓர் ஒலி எழுமாயின், அது எஞ்சினுக்குள் இல்லை. பின்சக்கரத்துச் செயினிலோ சக்கரத்தின் அச்சிலோ உள்ளது. இதனை அறிய எளிய வழி உண்டு. ஆள் நடமாட்டமற்ற சாலையில் சென்றுகொண்டிருக்கும்பொழுது கிளச்சைப் பிடித்து, எஞ்சினைத் தன் மெல்லிய ஓட்டத்திற்கு இறக்கிவிட்டால், வண்டி தானே உருளும். அப்பொழுதும் ஒலி தொடர்ந்தால் எஞ்சின்மேல் குற்றமில்லை.

பழைய புல்லட்டுகளில் மிகுதியாகக் கேட்கும் ஒலி டாப்பெட் ஒலி. எஞ்சினின் வலப்புறத்தில் உள்ள கேம் என்னும் முட்டுகள், புஷ்ராடு என்னும் இரண்டு நீண்ட தண்டுகளை மேலே தள்ளுகின்றன. அத்தண்டுகள் தலைப்பகுதியில் உள்ள நெம்புகளை அசைத்து வால்வுகளைத் திறக்கின்றன. இவற்றிற்கிடையே தேய்மானத்தால் இடைவெளி மிகுந்தால், ஒன்று மற்றொன்றைத் தொடுமுன் சிறிது தூரம் வீணே சென்று மோதும். தையல் பொறியின் ஓசையை ஒத்த ‘டிக் டிக்’ என்னும் ஒலி அதனால் உண்டாகின்றது. எஞ்சின் நன்கு குளிர்ந்தபின், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சிலிண்டரின் பக்கத்தில் உள்ள சிறு மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும். புஷ்ராடு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசைவு இருத்தலாகாது. இதுவே வார்ப்பிரும்புப் புல்லட்டின் அளவு.

ஒலியை அடக்க வேண்டும் என்னும் ஆவலால் டாப்பெட்டை மிகவும் இறுக்கிவிடுவோர் உளர். எஞ்சின் அமைதியாகிவிடும், உடையவரும் மகிழ்வார். ஆயின், இறுக்கமான டாப்பெட் வால்வை முற்றும் மூடவிடாது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் வெப்பத்தை இருக்கைக்குத் தந்து குளிர்கின்றது. அவ்வாய்ப்பு இல்லாமற்போகவே, புகை வால்வின் விளிம்பு எரிந்து அரிபடும், அழுத்தம் குறையும், உதைத்தாலும் எஞ்சின் எழாது. டாப்பெட்டைப் பொறுத்தவரையில் சிறிது ஒலி நன்று. முழு அமைதியே ஐயத்திற்குரியது.

டாப்பெட் ஒலிபோல நடித்து ஏமாற்றும் ஒலி ஒன்றும் உண்டு. புகைக்குழாய் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் சிறு சந்து இருந்தால், ஒவ்வொரு முறையும் வாயு அதன் வழியே சீறி ‘டிக்’ என்று ஒலிக்கும். தாளமும் டாப்பெட்டின் தாளமே. குளிர்ந்த எஞ்சினில் அவ்விணைப்பைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவி, எஞ்சினை எழுப்பிப் பார்த்தால், சந்து உள்ள இடத்தில் நுரை குமிழியிடும். ஒரு நிமிடச் சோதனை. ஆனால் இதனைச் செய்யாமல் டாப்பெட்டை நாள் முழுதும் திருகிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் ஒலி வேறு வகையானது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது, சிலிண்டர் வார்ப்பிரும்பு. வெப்பத்தால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 பாகை செல்சியசு வெப்பம் ஏறினால், 0.16 மில்லிமீட்டர் பருக்கும். அதே வெப்பத்தில் சிலிண்டர் 0.08 மில்லிமீட்டர்தான் விரியும். சூடேறிய பிஸ்டன் இறுகிவிடாதிருக்கும் பொருட்டே, குளிர்ந்த நிலையில் இரண்டிற்கும் இடையே சிறு இடைவெளி விடப்படுகின்றது. தேய்ந்த எஞ்சினில் அவ்விடைவெளி மிகுதியாகி, பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் அறையும். மரப்பெட்டியை உள்ளிருந்து தட்டுவது போன்ற ஒலி அது. மார்கழிக் காலையில் எடுத்தவுடன் பெரிதாகக் கேட்டு, பிஸ்டன் சூடேறிப் பருத்ததும் தணிந்துவிடும். தணிகின்றவரையில் அச்சமில்லை, வண்டியை உடனே விரட்டாமல் ஒரு நாழிகைப் பொழுது மெல்ல ஓட்டினால் போதும்.

இதற்கு நேர் எதிரானது பெரிய முனைத் தாங்கியின் ஒலி. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இருப்பது அத்தாங்கி. பழைய புல்லட்டில் அங்கே உருளைகள் இல்லை. மென்மையான உலோகப் பூச்சுடைய ஒரு புஷ் மிதந்து சுழல்கின்றது. அதற்கும் கிராங்கு முளைக்கும் இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இரும்பும் இரும்பும் தொடாதபடி காப்பது அப்படலமே. எண்ணெய் குறைந்தாலோ, கிராங்குத் தண்டின் உட்டுளை கசடால் அடைபட்டாலோ படலம் அறும், புஷ் தேயும். தொலைவில் உரலில் உலக்கை விழுவதுபோல் ஆழ்ந்த ‘தொம் தொம்’ ஒலி எழும். சூடேறச் சூடேற எண்ணெய் இளகுவதால் இவ்வொலி மிகும். குளிர்ந்த நிலையில் தணிந்து கேட்கும். சுமையோடு பாலத்தில் ஏறும்பொழுது உரக்க ஒலிக்கும். பிஸ்டன் ஒலி சூட்டில் தணியும், தாங்கி ஒலி சூட்டில் வளரும் என்னும் இவ்வொரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

பெரிய முனையின் ஒலி ஐயமறக் கேட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குச் செல்லவும் கூடாது. மாட்டு வண்டியிலோ வேன் வண்டியிலோ ஏற்றிச் செல்வதே முறை. தேய்ந்த தாங்கி முற்றும் சிதைந்தால் கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் கூட்டையே உடைத்துவிடக் கூடும். அன்றியும், எண்ணெயின்றிப் பிஸ்டனோ தாங்கியோ இறுகிப் பிடித்துக்கொண்டால், பின்சக்கரம் சாலையில் சுழலாமல் தேயும். வண்டி சறுக்கி ஓட்டுபவரை வீழ்த்தும். எதிரே பேருந்து வரும் குறுகிய ஆற்றங்கரைச் சாலையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. எஞ்சின் திடீரென இறுகும் குறி தோன்றிய கணமே கிளச்சைப் பிடித்தல் வேண்டும். பிடித்தால் சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபட்டுத் தானே உருளும்; வண்டியைச் சாலையோரம் சேர்த்துவிடலாம். பழைய வண்டி ஓட்டுவோருள் சிலர் ஐயமான ஒலி கேட்டதும் இரண்டு விரலைக் கிளச்சுப் பிடியின்மேல் வைத்துக்கொண்டே ஓட்டுவர். நல்ல வழக்கம்.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பிஸ்டன் பின் தேய்ந்தால், மெல்லிய கூரிய இரட்டைத் தட்டு கேட்கும். மெல்லிய ஓட்டத்தில் இது தெளிவாக இருக்கும். கிராங்குத் தண்டின் பக்கத் தாங்கிகள் தேய்ந்தாலோ தனித்தனித் தட்டாக இராமல், கால்வைக்கும் கம்பி வரை அதிரும் உறுமலாகவே கேட்கும்.

வேறொரு வகை ஒலி எந்த உறுப்பும் தேயாமலேயே எழுவது. சுமையோடு மெதுவாகச் செல்லும்பொழுது ஆக்சிலேட்டரைச் சட்டென முறுக்கினால், கண்ணாடிக் குண்டுகளைத் தகரத்தில் கொட்டியதுபோல் ‘கிண் கிண்’ என்று ஒலிக்கும். பட்டறைகளில் இதனை ‘நாக்கிங்’ என்பர். பிளக்கிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் பரவ வேண்டிய எரிதல், மூலையில் எஞ்சிய வாயு முழுவதும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்வதால் வெடிப்பாக மாறுகின்றது. அதன் அதிர்ச்சியே அவ்வொலி. பழைய புல்லட் வாயுவை ஏறத்தாழ ஆறரை மடங்குதான் அழுத்துகின்றது. இது குறைந்த அழுத்தமே. அத்தகைய எஞ்சினிலும் நாக்கிங் எழுமாயின், தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்னரே விழுகின்றதா, சிலிண்டர் தலையில் கரி படிந்துள்ளதா, எஞ்சின் மிகச் சூடாகியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்னே தள்ளியதும் ஒலி குறைந்தால், காரணம் விளங்கிவிட்டது. இவ்வொலியைப் பொருட்படுத்தாமல் நெடுநாள் ஓட்டினால் பிஸ்டனின் தலை அரிபட்டுத் துளைபடவும் கூடும்.

ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழையால் உழவர் படும் இடர் சிறிதன்று. பட்டறைகளில் அவ்வப்பொழுது நிகழ்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சம்பா நடவுக்கு வைத்திருந்த பணத்தோடும், பழைய புல்லட்டோடும் ஒரு பெரியவர் பட்டறைக்கு வருகின்றார். ‘பெரிய முனை போய்விட்டது, எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டும்’ என்று வேறெங்கோ சொல்லிவிட்டார்கள். தொழிலாளி உடனே கருவியைக் கையில் எடுக்கவில்லை.

“சத்தம் எடுத்தவுடனே வருகிறதா, ஐயா? ஓடிச் சூடேறிய பிறகா?” என்று கேட்டார்.

“எடுத்தவுடனே வருகிறது, தம்பி. சூடேறினாலும் அப்படியேதான்.”

“பாலம் ஏறும்போது கூடுகிறதா?”

“ஏறும்போது கேட்பதில்லை. மெதுவாகப் போகும்போதும், முறுக்கை விட்டுவிட்டு இறங்கும்போதும் அடிக்கிறது.”

“கிளச்சைப் பிடித்தால்?”

“பிடித்தால் சத்தம் மாறுகிறது.”

இவ்விடைகளிலேயே முடிவு பெரும்பாலும் அடங்கியுள்ளது. பெரிய முனையின் ஒலியாயின் சூட்டில் வளர வேண்டும். ஏற்றத்தில் மிக வேண்டும். கிளச்சைப் பிடிப்பதனால் அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. இவ்வொலியோ கிளச்சுக்கு உட்படுகின்றது. இழுப்பு இருக்கும்பொழுது மறைகின்றது. தொழிலாளி திருப்புளியை வலப்புறத்தில் ஊன்றிக் கேட்டார். பின்னர் இடப்புறத்தில் ஊன்றினார். இடப்புறத்து மூடியில் ஒலி பெரிதாக இருந்தது. அம்மூடிக்குள் எஞ்சினிலிருந்து கிளச்சுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் இரட்டைச் செயின் ஓடுகின்றது. புல்லட்டில் அம்மூடி நடுவே ஒரே நட்டால் இறுக்கப்பட்டுள்ளது. அடியில் தட்டை வைத்து எண்ணெயை வடித்து, மூடியை எடுத்துப் பார்த்தால், உட்சுவரில் செயின் உரசிய இடம் வெள்ளிபோல் பளபளத்தது. செயின் தளர்ந்து தொய்ந்திருந்தது. இழுப்பு இருக்கும்வரையில் அது விறைத்து நின்றது. இழுப்பு விட்டதும் துள்ளிச் சுவரில் அடித்தது. செயினுக்கு அடியில் உள்ள தாங்குகட்டையை உயர்த்தி, மேல் ஓட்டத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அசைவு இருக்குமாறு அமைத்து, கிராங்கு முனையில் உள்ள நட்டும் இறுக்கமாக உள்ளதா என்று பார்த்து, புதிய எண்ணெய் ஊற்றி மூடினார். வேலை பிற்பகலுக்குள் முடிந்தது. எஞ்சினைப் பிரித்திருந்தால் நடவுப் பணம் செலவாகியிருக்கும், ஒலியும் போயிராது.

நெல் விளையும் நாட்டிற்கே உரிய சில ஒலிகளும் உண்டு. தை மாதத்தில் சம்பா அறுவடையாகும்பொழுது, கதிரைச் சாலையில் பரப்பி, செல்லும் வண்டிகளின் சக்கரங்களால் நெல் உதிரும்படி விடுவது பல ஊர்களில் காணும் வழக்கம். அவ்வைக்கோல் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சிலும் செயின் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். முதலில் ‘சரசர’ என்னும் மெல்லிய ஒலி கேட்கும். இறுகச் சுற்றியபின் செயின் பல்லிலிருந்து எழும்பி ‘கடக்’ என்று தாவும். வைக்கோல் பரப்பிய இடத்தைக் கடந்தபின் இவ்வொலி எழுந்தால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கத்தியால் அறுத்து எடுப்பதே செய்யத்தக்கது. எஞ்சின் ஓடும்பொழுது அவ்விடத்தில் விரலை நீட்டுவோர் விரலை இழப்பர்.

தூசும் உமியும் காற்று வடிகட்டியை அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறி, கரும்புகை கக்கி, தாளம் தவறி ஓடும். ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் வண்டலும் நீரும் பின்செயினில் ஏறி, அதன் எண்ணெயைக் கழுவிவிடும். உலர்ந்த செயின் ‘கீச் கீச்’ என்று முறையிடும்; துருப்பிடித்த கண்ணிகள் இறுகி, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் ‘டக்’ என்னும். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே செயினின் தொய்வைப் பல இடங்களில் பார்த்து, மிகவும் இறுகிய இடத்தில் ஏறத்தாழ ஓர் அங்குல அசைவு இருக்கும்படி அமைத்தல் நலம்.

யெஸ்டி, ராஜ்தூத் முதலிய பழைய இருவீச்சு வண்டிகளும் சிற்றூர்களில் இன்னும் அருகிக் காணப்படுகின்றன. அவற்றில் வால்வும் இல்லை, டாப்பெட்டும் இல்லை. ஆகவே ‘டிக் டிக்’ ஒலிக்கும் இடமில்லை. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே தாங்கிகளைக் காப்பதால், எண்ணெய் கலக்க மறந்த அன்றே அவை இறுகிவிடும்.

எவ்வகை ஒலியாயினும் முதற்கண் பார்க்கத்தக்கது எண்ணெயின் அளவே. பழைய புல்லட்டின் எண்ணெய் அறை எஞ்சின் கூட்டிலேயே அமைந்துள்ளது. இரண்டு சிறு பம்புகள் எண்ணெயைச் சுற்றிவரச் செய்கின்றன. திரும்பும் எண்ணெய் சிறு குழாயின் வழியே சிலிண்டர் தலைக்கு ஏறுகின்றது. எஞ்சின் ஓடும்பொழுது அக்குழாயின் மேல்முனைத் திருகைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வாராவிடின், எஞ்சினை அந்நொடியே அணைத்தல் வேண்டும். பழைய எண்ணெயை வடிக்கும்பொழுது அதனை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. வெயிலில் பிடித்தால் மின்னும் பொடி தென்படுமாயின், செவி முன்னரே சொன்னதற்குக் கண்ணும் சான்று தந்துவிட்டது.

வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு மாற்றாக 2010ஆம் ஆண்டையொட்டி வந்த புல்லட்டுகளின் எஞ்சினில் டாப்பெட்டின் இடைவெளியை எண்ணெயின் அழுத்தமே சரிசெய்துகொள்கின்றது. திருக வேண்டிய திருகு அங்கே இல்லை. பல கார்களின் எஞ்சினில் நாக்கிங்கை அறியும் உணர்கருவி ஒன்று போல்டால் இறுக்கப்பட்டுள்ளது. எஞ்சின் சுவரின் அதிர்வை அது மின்குறியாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றது. கணிப்பொறி அடுத்த சுற்றுகளிலேயே தீப்பொறியைப் பின்னே தள்ளிவிடுகின்றது. ஓட்டுபவர் செவிக்கு ஒலி எட்டுமுன் பழுது நீங்கிவிடும். ஆயினும் அக்கருவி அறிவதற்கென்று அமைக்கப்பட்டது நாக்கிங் ஒன்றையே. தளர்ந்த செயினையும், அச்சில் சுற்றிய வைக்கோலையும், புகைக்குழாயின் சந்தையும் அது அறியாது.